பஸ் திரும்ப ஓர் இடம்

பள்ளிக்கூட நாட்களில் ஆகஸ்ட் பதினைந்து என்றால் எனக்கு இரண்டு விஷயம்தான். இஸ்திரி போட்ட சீருடை, கையில் ஒட்டும் ஆரஞ்சு மிட்டாய். கொடி ஏறும்போது மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து நிற்பேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அப்பாவும் அம்மாவும் அக்காவும் அடுத்தவர் கொல்லையில் களை பறித்தும் பருத்தி எடுத்தும் என்னைப் படிக்க வைத்தார்கள். அவர்களுக்குச் சுதந்திர தினம் என்பது கூலி இல்லாத ஒரு நாள், அவ்வளவுதான்.

இப்போது பெரம்பலூரில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். சுதந்திர தினத்தன்று விடிந்ததும் அரியலூர் பஸ்ஸைப் பிடித்து, அங்கே மாறி, செந்துறைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய்விடுகிறேன். அந்தப் பழக்கம் ஏற்பட்டது ஒரு கிராம சபைக் கூட்டத்தால்.

அந்த வருடம் அக்கா மகள் பத்தாவது முடித்து, செந்துறையில் பதினோராவது சேர்ந்திருந்தாள். எனக்கு அரியலூரில் அரசு விடுதி கிடைத்தது போல அவளுக்குக் கிடைக்கவில்லை. தினமும் பஸ்ஸில்தான் போய்வர வேண்டும். சாயங்கால பஸ் ஊர் ஏரிக்கரையோடு திரும்பிப் போய்விடும். எங்கள் தெரு அங்கிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளி இருக்கிறது. வழி முழுக்க இரண்டு பக்கமும் மானாவாரிக் கொல்லைகள். ஆடி, ஆவணியில் நிலம் வெறுமையாகக் கிடப்பதால், நடந்து வருகிறவர்களைத் தெருவில் நின்றே பார்க்கலாம். புரட்டாசி மழைக்கு மக்காச்சோளம் விதைத்துவிட்டால் கதை மாறிவிடும். கார்த்திகைக்குள் சோளம் ஆளை மறைத்துவிடும். பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடும்.

அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, மகள் படிப்பதை வெறுக்கிறவர் இல்லை. ஆனால் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"சோளம் இடுப்பு உசரம் வர்ற வரைக்கும் போவட்டும். அதுக்கு மேல நான் அனுப்ப மாட்டேன்."

"அப்ப பாதியில நிறுத்திடுவீங்களா மாமா?"

"நீ பேங்க்ல உக்காந்துகிட்டு ஆயிரம் சொல்லுவ. எனக்குல்ல தூக்கம் வராது?"

நான் போக்குவரத்துக் கழக டெப்போவுக்கு அலைந்தேன். பஸ்ஸைத் தெரு வரைக்கும் நீட்ட வேண்டுமென்றால் கிராம சபைத் தீர்மானம் கொண்டு வாருங்கள் என்றார்கள். அடுத்த கிராம சபை ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி. எங்கள் தெருவிலிருந்து அந்தக் கூட்டத்துக்கு யாரும் பெரிதாகப் போனதில்லை. போனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். தீர்மானம் வாசிக்கும்போது பந்தலில் பாதி நாற்காலி காலியாக இருக்கும்.

"எல்லாரையும் கூட்டிட்டு வாம்மா" என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மாவும் தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். கூட்டம், எல்லாரும் வரணும், கையெழுத்து உண்டு. சொன்னது அவ்வளவுதான்.

அன்று காலை நான் ஏரிக்கரையில் இறங்கியபோது எங்கள் தெருப் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி தோளிலும் மண்வெட்டி. தலையில் கூடை, கையில் தூக்குவாளி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டத்தின் நடுவில்தான் விளங்கியது. எல்லாரும் ஓரிடத்தில் கூடிக் கையெழுத்துப் போடுவது என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், நூறு நாள் வேலை. அதற்கு வெறுங்கையோடு யாரும் போக மாட்டார்கள்.

பந்தலில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள்.

"என்னாங்கடி இது, கொடி ஏத்த மம்முட்டி எதுக்கு?"

எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தி கூடையை இறக்கி வைத்தபடியே பதில் சொன்னாள். "கம்பம் நட்ட குழி யாரு வெட்டுனதாம்? நீங்களா வெட்டுனீங்க?"

கொடி ஏறியது. தேசிய கீதம் பாடும்போது மண்வெட்டிகளைக் கீழே போடலாமா, தோளிலேயே வைத்திருக்கலாமா என்று தெரியாமல் சிலர் அதைப் பக்கத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஊராட்சிச் செயலர் கூட்டத்தைத் தன் செல்போனில் போட்டோ எடுத்தார். கையெழுத்து, கைநாட்டு எல்லாம் முடிந்தது. மிட்டாய் வந்தது. வழக்கம்போல ஆண்கள் சிலர் எழுந்து நடையைக் கட்டினார்கள்.

எங்கள் தெருப் பெண்கள் மட்டும் அசையவில்லை. தரையில் விரித்த ஜமுக்காளத்தில் காலை மடக்கி நன்றாக உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு மனசு நிறைந்து போனது. ஊர் விஷயத்தில் இவ்வளவு அக்கறையா என்று நினைத்தேன். சித்தி என் காதில் கேட்டாள்.

"ஏன் பாப்பா, ரெண்டாவது போட்டோ எப்ப எடுப்பாங்க?"

வேலையிடத்தில் காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ. இரண்டிலும் இருந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். முதல் போட்டோ ஆகிவிட்டது, இரண்டாவது ஆகாமல் எழுந்தால் நாள் போய்விடும் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கும் அப்போதுதான் விஷயம் புரிந்தது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்.

இத்தனை பேர் உட்கார்ந்திருந்ததால் செயலரால் கூட்டத்தைச் சட்டென்று முடிக்க முடியவில்லை. தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று ஒப்புக்குக் கேட்டார். நான் எழுந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வந்திருந்தேன். இரண்டு வரி பேசியிருப்பேன்.

"நீங்க பெரம்பலூருக்கு ஓட்டை மாத்திட்டீங்கல்லம்மா?" என்றார் செயலர். மரியாதையாகத்தான் சொன்னார். "இந்த ஊரு ஓட்டர்தாம்மா இங்க கோரிக்கை வைக்கணும்."

அது உண்மை. வேலைக்குச் சேர்ந்ததும் நானே ஆசையாகப் போய் மாற்றியிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, தான் எழுந்தாள். ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் அக்கா பேசி நான் பார்த்ததே இல்லை. பந்தல் ஓரத்தில் மாமா வேறு நின்றுகொண்டிருந்தார்.

"அவளுக்குத்தான் ஓட்டு இல்ல. எனக்கு இருக்குல்ல?" என்றாள். "சாயங்கால பஸ்ஸு எங்க தெரு வரைக்கும் வரணும். எம் மவ படிக்கணும். சோளம் வளந்துட்டா அவங்கப்பா நிறுத்திடுவாரு. நான் பள்ளிக்கூடம் போவல. அவ போவணும். அம்புட்டுதான்."

நாற்காலி வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"பஸ்ஸு வரலாம்மா. வந்துட்டு எங்க திரும்பும்? ரிவர்ஸ்லயே செந்துறைக்குப் போவுமா?"

பந்தல் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"தெரு முனையில புறம்போக்கு கெடக்குதுல்ல."

"அது கருவக்காடும்மா."

"வெட்டுனா எடம்."

ஊராட்சித் தலைவர் தொண்டையைச் செருமினார். "யாரு வெட்டுறது? அதுக்கு எஸ்டிமேட் போட்டு, மேல எழுதி..."

"பின்ன இதெல்லாம் என்னாத்துக்குத் தூக்கியாந்தோம்?" என்றாள் சித்தி, மண்வெட்டிகளைக் காட்டி. "வெயில்ல காயப் போடவா?"

இந்த முறை பெண்கள் சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டார். இடத்தைச் சுத்தம் செய்தால் தீர்மானம் போட்டு அனுப்புவதாக எல்லார் முன்னாலும் சொன்னார். அப்போதே எழுதவும் வைத்தார்.

வெளியே வந்ததும் அம்மா உண்மையைச் சொன்னார். "இன்னிக்குச் சம்பளம் கெடையாதுடி. ரெண்டாவது போட்டோவும் கெடையாது." ஒருத்தி, "இத முன்னாடியே சொல்றதுக்கென்னக்கா, வாயில கொழுக்கட்டையா?" என்று வைதுவிட்டுக் கூடையைத் தலையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு போயேவிட்டாள். அவள் கோபத்தில் தப்பில்லை. மற்றவர்கள் கொஞ்ச நேரம் அம்மாவைக் கேலி செய்தார்கள். பிறகு தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, தெரு முனைக்கு நடந்தார்கள்.

சீமைக்கருவையை மண்வெட்டியால் என்ன செய்ய முடியும்? வீடுகளிலிருந்து அரிவாளும் கோடரியும் வந்தன. முள் குத்தாத கை ஒன்றுகூட இல்லை. எனக்கு உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. "பேனா புடிச்ச கை" என்று அதற்கும் சிரித்தார்கள். அன்றைக்கு வேலை முடியவில்லை. வேரைத் தோண்டி எடுத்துக் குழியை நிரவ அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டன. மாமா முதல் நாள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கடப்பாரையோடு வந்து, யாரிடமும் பேசாமல் ஒரு தூரைப் பெயர்த்துவிட்டுப் போனதாக அக்கா சொன்னாள்.

தீர்மானம் டெப்போவுக்குப் போனது. பதில் வருவதற்குள் மழை வந்தது, விதைப்பு நடந்தது, சோளம் இடுப்புக்கு வந்தது. மாமா சொன்ன நாள் வந்துவிட்டது. அப்போது அந்தப் பெண்களே ஒரு வழி செய்தார்கள். அக்காவும் மாமாவும் இருட்டும் வரை வேலையில் இருப்பதால், தினம் ஒருத்தி ஏரிக்கரைக்குப் போய் நின்று அக்கா மகளை அழைத்து வந்தாள். அம்மாவை வைதுவிட்டுப் போனவளும் தன் முறைக்குத் தவறாமல் போனாள். மாமாவும் மகளை நிறுத்தவில்லை. எனக்கு ஊர் என்று ஒன்று இருக்கிறது என்பதை அந்த வாரங்களில் உணர்ந்தது போல நான் எப்போதும் உணர்ந்ததில்லை. அவர்களில் யாருக்கும் நன்றி என்று நேரில் சொன்னதில்லை. சொன்னால் கிண்டல் செய்வார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை நான் ஊரில் இருந்தேன். அன்று பள்ளிக்கூடம் உண்டு. தெருவுக்கு பஸ் வரப்போகிறது என்று டெப்போவிலிருந்து காலையிலேயே தகவல் வந்திருந்தது. சாயங்காலம் முதலில் ஹாரன் கேட்டது, பிறகுதான் சோளத்துக்கு மேலே பஸ்ஸின் கூரை தெரிந்தது. தெரு முனையில் வந்து நின்றது. அக்கா மகள் புத்தகப் பையோடு இறங்கி, இத்தனை பேர் நிற்பதைப் பார்த்து வெட்கப்பட்டு எங்கள் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இதுல எப்படிங்க திருப்புறது? சேறா கெடக்குது" என்றார்.

கூட்டத்திலிருந்து மாமா முன்னால் போனார். கல்யாணத்துக்கு முன் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக இருந்தவர் அவர். பஸ்ஸின் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, தகரத்தைத் தட்டினார்.

"வரட்டும்... வரட்டும்... கொஞ்சம் ஒடிச்சு வாங்க... எடம் இருக்குங்க, நிறைய எடம் இருக்கு... வரட்டும்!"