எங்கள் ஊருக்கு வரவிருந்த சிப் தொழிற்சாலை

போன வருடம், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். கோலார் தங்கவயலில் நந்திதுர்க் பக்கம் எங்கள் வீடு. விடிவதற்குள் ரயிலேறி பெங்களூருக்குப் போய், ஒரு அலுவலகத்தில் கணக்கெழுதிவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள் நான்.

எங்கள் பெண்கள் பெட்டியில் முன்பெல்லாம் தூங்குவோம், இல்லாவிட்டால் மாமியாரைத் திட்டுவோம். அந்த வருடம் எல்லோரும் ஷேர் பேசிக்கொண்டிருந்தோம். அதிலும் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் சிப் செய்கிற கம்பெனியின் ஷேர் என்றால் குறட்டை விடுகிறவள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவாள். என் ரயில் தோழி ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்பவள். சிப் செய்கிற அறைக்குள் ஒரு பொட்டுத் தூசி போகக் கூடாதாம், முகத்தில் பவுடர்கூடப் பூசக் கூடாதாம் என்று ஒருநாள் சொன்னாள். அப்படியானால் அந்த வேலையே நமக்கு வேண்டாம் என்று சிரித்தோம்.

எந்த ஷேர் வாங்கலாம் என்று தினமும் சொல்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் அப்போது நான் இருந்தேன். அவர்கள் சொன்ன சிப் ஷேர்கள் ஏறவும் செய்தன. தோழி மட்டும் நம்பவில்லை.

"எல்லாமே ஏறிகினு கீற நேரத்துல யார் சொன்னாலும் பலிக்கும்க்கா. அவுங்க சொல்லி எறங்கினது எதுன்னு கேட்டுப் பாரு" என்றாள்.

வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் குழுவில் ஒரு படம் வந்தது. தங்கவயலில் சிப் தொழிற்சாலை! தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் குவிந்து நிற்கிறதே, எங்கள் சைனைடு மேடு, அதன் அடிவாரத்தில் பளபளவென்று ஒரு கண்ணாடிக் கட்டடம். கம்பெனி சந்தைக்கு வருவதற்கு முன்பே குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும் பங்கு, ஒரே வாரத்தில் இரட்டிப்பு, ஞாயிறு மாலைக்குள் பணம் அனுப்ப வேண்டும் என்றார்கள்.

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து, ஏதாவது வரும் என்று காத்துக் கிடக்கிற ஊர் எங்களுடையது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒன்று வரும், தேர்தலோடு போய்விடும். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் மகளுக்கு வேலை, எனக்கும் ரயில் இல்லாத காலை என்று என்னென்னவோ கனவு. வங்கியில் இருந்ததோ அவளுடைய நர்சிங் இரண்டாம் வருடக் கட்டணம் மட்டும்தான். கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அதற்குள்தான் இரட்டிப்பாகிவிடுமே என்று மனம் சமாதானம் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் பணம் அனுப்பப் போனை எடுத்தேன். மேட்டுத் தூசி வழக்கம்போல வீடெல்லாம் படிந்திருந்தது. என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஷேர் என்றால் ஆட்டோதான். ஆனால் படத்தைப் பார்த்தார், கையிலிருந்த துணியையும் பார்த்தார்.

"இன்னா இது? இந்தத் தூசியில நம்ம தட்டையே சுத்தமா வெக்க முடியல. அந்த மேட்டாண்ட வந்து எவன் சிப்பு செய்வான்?"

பொத்தானை அழுத்தப் போன விரல் அப்படியே நின்றது. ரயிலில் பவுடரைச் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. பிறந்ததிலிருந்து இந்தத் தூசியைத்தான் தின்றுகொண்டிருக்கிறேன். படத்தில் என் ஊரைப் பார்த்த பூரிப்பில் அதை மறந்தே போனேன்.

நான் நந்திதுர்க்கில்தான் இருக்கிறேன், கட்டடம் எந்தப் பக்கம் என்று குழுவில் கேட்டேன். பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் என்னையே குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீட்டுக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாளே கட்டணத்தைக் கட்டினேன். ரயிலில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் இப்படி ஒரு குழுவை நம்பி, அடகு வைக்க நகையை எடுத்து வைத்திருந்தாளாம்.

பேராசை என்று என்னை நானே திட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் என்னை அதுவரை இழுத்துப் போனது பணம் மட்டுமல்ல, நம் ஊருக்கும் ஒன்று வரட்டுமே என்கிற ஏக்கம். அந்த ஏக்கம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதை என்னிடமே விலைபேசி விற்க இனி எவனாலும் முடியாது.