இடப்பக்கக் கண்ணாடியின் சத்தம்

என் கைபேசியில் இரண்டு ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. இரண்டும் ஆரணியிலிருந்து வேலூர் போகும் சாலையில், மாமாவின் காரில் பதிந்தவை. முதலாவதில் காற்று ஊளையிடுகிறது. இரண்டாவதில் அது அடங்கி, டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்கிறது. இரண்டாவதை நான் கடைசிவரை கேட்பதில்லை. பேச்சுக்குரல் வருவதற்குள் நிறுத்திவிடுவேன்.

மாமா என்றால் அக்காவின் கணவர். எங்கள் ஊரான முள்ளிப்பட்டில் சொந்தக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டியவர். நான் சென்னையில் கார் வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கார் வேகமாகப் போகும்போது, பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடியில் மோதும் காற்று, அதன் பின்னால் சுழன்று ஜன்னலை அறைகிறது. அது உள்ளே இருப்பவர் காதில் எவ்வளவு சத்தமாக விழும் என்று, காரைச் செய்வதற்கு முன்பே கணினியில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். இதற்கா சம்பளம் தருகிறார்கள் என்று மாமா கிண்டல் செய்வார். அந்த வருடம், என் கணக்கு சொன்னதைவிட நிஜக் காரில் இரைச்சல் அதிகமாக வந்தது. அதில் கண்ணாடியின் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்துப் பார்க்கும் பைத்தியம் என்னைப் பிடித்துக்கொண்டது. லீவில் ஊருக்கு வந்தவள் மாமாவின் காரில் இடப்பக்கம் உட்கார்ந்து, ஒருமுறை கண்ணாடியை விரித்தும், பிறகு வண்டியை ஓரங்கட்டி அதை மடித்தும் பதிவு செய்தேன்.

மடித்துவிட்டுக் கிளம்பியதும் மாமாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இன்னாம்மா இது, இத்தினி நாளா காதாண்ட கத்திகினு இருந்த பேஜாரு பூடுச்சே!" என்று சிரித்தார். அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியை மடித்து வைத்தே ஓட்டினார். அக்கா போனில் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாலு மாதம் கழித்து, முள்ளிப்பட்டுக்குள் போக இடப்பக்கம் திரும்பியபோது, அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் வந்த பெண்ணை மாமா பார்க்கவில்லை. அடுத்த தெருக்காரி. வேலூர் கொண்டுபோகும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது. நான் சென்னையிலிருந்து காவல் நிலையம் போய்ச் சேர்ந்தபோது மாமா எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்: தெருவில் பாவு இருந்ததால் கண்ணாடியை மடித்தேன், பிறகு விரிக்க மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் அது நடப்பதுதான். காலையில் நெசவுக்காகத் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துப் பாவு கட்டியிருப்பார்கள். இழை அறுந்துவிடக் கூடாதென்று கார்க்காரர்கள் கண்ணாடியை மடித்துக்கொண்டு ஓரமாக ஊர்ந்து போவார்கள். வெளியூர்க்காரரான ஆய்வாளர் அதை நம்பினார்.

இறந்தவளின் கணவர் நெசவாளி. நிலைய வாசலில் நின்றிருந்தவர் மாமாவைக் கேட்டார்: "அமாவாசையன்னிக்கு எவன் பாவு போட்டுகினு இருந்தான்? சொல்லுய்யா." சத்தம்கூடப் போடவில்லை. அமாவாசை அன்று எங்கள் ஊரில் தறி ஓடாது, பாவும் தெருவுக்கு வராது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். பாவு பொய் என்றானதும், அவர் குடித்திருந்தார் என்று ஊர் முடிவுகட்டியது. அந்த வாடையே ஆகாத மனிதர். நான் அங்கேதான் நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம், வேறு பெயர் இல்லை. வெளியே வந்ததும் மாமா மெல்லச் சொன்னார்: "நீ சென்னைக்குப் போம்மா. உன் பேரு இதுல வாணாம்."

காரை விற்றார். பிறகு எங்கே போனாலும் நடைதான். இரண்டே வருடத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. என் கணக்கு இப்போது சரியாக வருகிறது, அலுவலகத்தில் பாராட்டுகிறார்கள்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். காலையில் அந்த நெசவாளி தெருவில் பாவு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் கைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும், நான் போக வழிவிட்டு ஒதுங்கி நின்றார். கடந்து போய்விட்டேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் அந்த இரண்டாவது பதிவை முழுவதும் கேட்டேன். டயர் உருளும் சத்தம். பிறகு மாமா கேட்கிறார்: "கண்ணாடிய விரிச்சு வுட்டுறவா?" அடுத்தது, சிரித்துக்கொண்டே, என் குரல்: "வாணாம் மாமா. இப்பிடியே இருக்கட்டும், நல்லாகீது."