அந்தமான் தாவீது

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டும் தாவீது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்தமான் தாவீது என்று கேட்க வேண்டும். மூன்று வருடம் அங்கே தொழில்முறை கபடி டீமில் இருந்துவிட்டு வந்தவர். டீம் என்பதுகூடத் தப்பு, டீம்கள். வருடத்துக்கு ஒன்று பிறக்கும், அந்த வருடமே மண்டையைப் போடும். முதல் டீமை நடத்திய படகுக் கம்பெனிக்காரருக்குத் தொழில் படுத்தது, டீமும் படுத்தது. இரண்டாவதை எடுத்த ஹோட்டல்காரருக்கு ஒரே சீசனில் ஆசை தீர்ந்துபோனது. மூன்றாவது வருடம் நாலே ஆட்டத்தோடு லீக்கையே மூட்டை கட்டிவிட்டார்கள். சின்னத் தீவில் டிக்கெட் வாங்க ஆள் வேண்டாமா? பார்த்த முகங்களேதான் திரும்பத் திரும்ப வந்து உட்காரும்.

ஊரில் அதெல்லாம் யாருக்கு வேண்டும்? தாவீது பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே ‘அந்தமான் சிங்கமே வருக’ என்று ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஏழு வருடமாக அந்தப் பேரில்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

போன வைகாசியில் மேலநீலிதநல்லூர் போட்டியில் சங்கரன்கோவில் டீம் முதல் தடவையாக இறுதியாட்டத்துக்கு வந்தது. ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட, முப்பத்தெட்டு வயது தாவீது பனியனை மாட்டிக்கொண்டு இறங்கினார். உடனே எதிரணி குருவிகுளத்துக்காரர்கள் போட்டி விதிமுறை நோட்டீஸை நீட்டினார்கள்: தொழில்முறை லீக்கில் களமிறங்கி ஆடியவர்களுக்கு அனுமதி இல்லை. அப்படியென்றால் ஆறு பேரோடு ஆடுங்கள் என்றார் நடுவர். கேப்டன் லிங்கேஷ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

தாவீது உள்ளதைச் சொன்னால் ஆடலாம். சொன்னால் சிங்கம் போச்சு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது, மனைவி ஞானபூரணமும் நின்றாள். அவளிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. மைக்கை வாங்கினார்.

“நான் அங்கன ஒரு ஆட்டங்கூட ஆடல. மூணு வருசமும் பெஞ்சுலதான் இருந்தேன்.”

கூட்டத்தில் எங்கோ ஒருவன் சிரித்தான். நடுவர் போனில் பழைய ஸ்கோர்களைத் தேடிப் பார்த்தார். தாவீது பேருக்கு நேரே மூன்று சீசனும் பூஜ்யம். ஆடலாம் என்று கையசைத்தார்.

அவமானத்தில் காதெல்லாம் சுட்டது. கடிகாரத்தைக் கழற்றி ஞானபூரணத்திடம் நீட்டியபோது அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

“மூணு வருசமும் மொழங்கால்ல ஒரு சிராய்ப்பு இல்லாமத்தான வந்திய. எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள். “இன்னைக்காவது ஆடிட்டு வாங்க.”

முதல் தடவை பாடிப் போனபோதே தாவீதைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிட்டார்கள். எழுந்து முழங்காலைப் பார்த்தார். தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கயிற்றுப் பக்கம் திரும்பி, அவளுக்குத் தெரிகிற மாதிரி காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.