சாட்சியில் விட்டுப்போன குளிகை

இதை எழுத எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. நோட்டை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், கிழித்துப்போடுவேன். கர்த்தருடைய பேரைச் சொல்லி நின்ற இடத்தில் பாதியை மறைத்தேன் என்று எழுதக் கை வரவில்லை. படிப்பும் எட்டாம் வகுப்போடு நின்றது.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எனக்குப் பலசரக்குக் கடை. எங்கள் அப்பா நாற்பத்தாறு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. சித்தப்பாவும் அப்படித்தான் போனார். இருவரும் ஒல்லியான ஆட்கள். எனக்கு நாற்பத்திரண்டு நடக்கும்போது, காய்ச்சலுக்குப் போன இடத்தில் டாக்டர் என் கண்ணிமையில் மஞ்சளாகத் தடித்திருந்ததைப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே தடவிப் பார்த்து, அங்கும் தடிப்பு இருக்கிறது என்றார். மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். கெட்ட கொழுப்பு இருநூற்றுத் தொண்ணூறு; நூற்று முப்பதைத் தாண்டக் கூடாதாம்.

வளைகுடாவில் வெல்டர் வேலை பார்த்த என் தம்பியையும் பார்க்கச் சொன்னார் டாக்டர். ஒரு வாரத்தில் அவன் போன் வந்தது.

"அண்ணே, எனக்கு முந்நூறு. உன்னைய ஜெயிச்சாச்சு."

"சிரிக்காதடே. என்னத்தத் திங்குத அங்க?"

"குபூஸ் ரொட்டியும் பருப்பும். எங்க ரூமில ஒரு சூடான்காரன் உண்டு. ஆட்டுக் கொழுப்பில கை கழுவுற ஆளு. அவன் ரிப்போர்ட்டு பச்சப்பிள்ளைக்க ரிப்போர்ட்டு மாதிரி இருக்கு. பிலிப்பினோக்காரனுக்கு வேற ஒரு கணக்கு. கடவுளு ஆளாளுக்கு வேற வேற எண்ணெய் ஊத்தித்தான் விட்டிருக்காரு, கேட்டியா."

இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அதில கொஞ்சம் நெசம் உண்டு. ஒவ்வொரு நாட்டு ஜனத்துக்கும் ரத்தத்தில கொழுப்பு ஒவ்வொரு மாதிரி நிக்கும். சாப்பாடும் உண்டு, பிறப்பும் உண்டு. ஆனா உங்க வீட்டில உள்ளது அது இல்ல. கொழுப்பை அரிச்சு எடுக்க வேண்டிய ஒரு வேலை உங்க உடம்பில பிறவியிலேயே குறைவு. இது எல்லா நாட்டிலயும் சில குடும்பங்கள்ல இறங்கி வரும். உங்க அப்பாட்ட இருந்து வந்திருக்கும்" என்றார். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, எங்கள் பேச்சில் குளிகை, எழுதினார். ஆயுசுக்கும் வேண்டும் என்றார். தம்பிக்கும் அங்கே குளிகை எழுதினார்கள், அவன் அன்றே போடத் தொடங்கினான்.

நான் உடனே வாங்கவில்லை. தேங்காயை விட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். நான்கு மாதம் தேங்காய்த் துவையலான சம்மந்தி இல்லை, அவியல் இல்லை, மீன்குழம்புக்குத் தேங்காய் அரைக்கவில்லை. ராத்திரியும் பகலும் ஜெபித்தேன். இருநூற்றுத் தொண்ணூறு இருநூற்று எழுபது ஆனது, அவ்வளவுதான். பிறகு குளிகை போட்டேன். மூன்று மாதத்தில் நூற்று முப்பதுக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழும்பி, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சாட்சி சொன்னேன். எங்கள் கூட்டத்தில் சாட்சி சொல்லுகிறவர்கள் மருந்தைப் பற்றிப் பேசுவதில்லை. யாரும் தடுக்கவில்லை, வழக்கம் அப்படி. தேங்காயை விட்டேன், முழங்காலில் நின்றேன், ஆண்டவர் பாதிக்கு மேல் இறக்கித் தந்தார் என்றேன். அல்லேலூயா சொன்னார்கள். என் மனைவி அதைப் போனில் பதிந்து தம்பிக்கு அனுப்பினாள்.

ஏழு மாதம் கழித்து அவன் வேலைத்தளத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கூட நின்றவர்கள் தூக்கிக்கொண்டு ஓடியதால் உயிர் தங்கியது. இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள். நான் போய்ப் பார்த்தேன்.

"குளிகைய எப்பம் நிறுத்தின?"

"நீ சாட்சி சொன்னதக் கேட்ட மறுநாள். அண்ணனுக்கு ஆனது எனக்கும் ஆகாதான்னு தேங்கா விட்டேன், ஜெபிச்சேன்." என் பக்கம் திரும்பிப் படுத்தான். "ஒண்ணு கேக்கட்டா? நீ எழும்பி நின்னு பேசும்போ குளிகை எங்க இருந்துச்சு?"

"சட்டைப் பையில."

அவன் சிரித்தான். சிரித்தால் நெஞ்சு வலிக்கும் என்று கையை வைத்துக்கொண்டான். "அப்பம் அது ஆண்டவருக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு."

உடனே சபையில் எழும்பித் திருத்திச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவன் மூத்த மகளுக்கும் ரத்தம் பார்த்து, அவளுக்கும் உண்டு என்று வந்துவிட்டது. தம்பியின் மனைவி என் கடைக்கு வந்து நின்றாள். "இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு என் பிள்ளையக் கெட்டிக்க எவன் வருவான் அத்தான்?" என்று கேட்டாள். குளிகையைச் சொன்னால் பிறவி நோயையும் சொல்ல வேண்டிவரும். எனக்கும் அது வசதியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் அந்த மகளே கடைக்கு வந்தாள். இப்போது நர்சிங் படிக்கிறாள். "பெரியப்பா, நான் தினமும் குளிகை போடுறேன், நல்லாத்தான் இருக்கேன். உங்க சித்தப்பாவுக்க பேரப்பிள்ளைகளில ஒருத்தரும் இதுவரை ரத்தம் பாக்கல்ல. தேங்கா விட்டா போதும்னு உங்க சாட்சிய வச்சுத்தான் சொல்லுதாங்க" என்றாள்.

அதனால் எழுதிவிட்டேன். ஜெபித்தேன், அது உண்மை. குளிகையும் போட்டேன், அதுவும் அவர் தந்ததுதான். இதை வாசிக்கிறவர்கள் வேறு ஒருவருக்குச் சொல்வதானால், ஜெபத்தையும் எடுத்துவிட வேண்டாம், குளிகையையும் எடுத்துவிட வேண்டாம். இருக்கிறபடியே சொல்லுங்கள். நான் குறைத்துச் சொன்னதற்கு என் தம்பி என்ன பட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.