துரையின் காருக்கு மாமா போட்ட ஒட்டு

எங்கள் தாய்மாமாவுக்கு ரப்பர் பால்தான் சர்வரோக நிவாரணி. கூரை ஒழுகினால் ரப்பர் பால், குடை கிழிந்தால் ரப்பர் பால், குதிகால் வெடித்தாலும் ரப்பர் பால்தான். மலேயாவில் சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் ஆலையில் பாலை உறைய வைத்து ஷீட் போடும் வேலை அவருக்கு. அப்பேர்ப்பட்டவர் கையில் அப்பாவின் மானம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ஆனதைச் சொல்கிறேன்.

அப்பா எஸ்டேட் மேனேஜர் துரையின் கார் டிரைவர். இரண்டே பேர் உட்காரும் பச்சை நிறப் பந்தயக் கார் அது. பெட்ரோல் தொட்டி பின்பக்கம் வெளியே தெரியும்படி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கும். அந்த மழைக்காலத்தில், சாயங்காலம் நிரப்பி ஷெட்டில் விட்டால் காலையில் நாலு விரல் பெட்ரோல் குறைந்திருந்தது. டிரைவர் எடுத்து விற்கிறான் என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி துரையிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். புதன்கிழமை காலை துரை சாவியைப் பிடுங்கிக்கொண்டு, எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை உடனே காலி செய்யச் சொன்னார். மதியம் என்ன நினைத்தாரோ, சனிக்கிழமைக்குள் பெட்ரோல் போகும் வழியைக் காட்டு என்று ஆள் அனுப்பினார். துரை நல்ல மனுஷன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பா காருக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார். கசிந்தாலும் ஷெட்டின் மணல் தரை குடித்துவிடும், மிச்சம் காற்றில் போய்விடும். வாசனையை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது, அந்த ஷெட் எப்போதுமே அப்படித்தான் நாறும். வியாழக்கிழமை அம்மா பால்வெட்டு முடிந்து வந்ததும் வராததுமாகக் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“தொட்டியத் தொடச்சிட்டு இதத் தூவுங்க. வேர்க்கிற எடத்துல மாவு ஒட்டுமில்ல?”

அரை மணி நேரம் கழித்து அம்மா குனிந்து ஊதினாள். மாவெல்லாம் பறந்தது, பட்டையை ஒட்டி ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றது. பட்டையைக் கழற்றினால், ஆடி ஆடி உராய்ந்ததில் தகட்டை இணைக்கும் ஈயப்பற்று மயிரிழை அளவுக்கு விட்டிருந்தது. அப்பா கண்ணைத் துடைத்தார். பெட்ரோல் பட்டுவிட்டது என்றார். நானும் நம்பினேன்.

“அலமாக்! இதுக்கா இவ்ளோ பாடு?” என்று மாமா வந்து சேர்ந்தார், கையில் சிரட்டை நிறைய பாலோடு. அதைத் திரிய வைத்து, பூசி, மேலே ஷீட் துண்டை அமுக்கி, அதற்கும் மேலே பூசினார். ஒரு மணி நேரத்தில் ஒட்டு ஆப்பம் மாதிரி உப்பி, வழுக்கி, என் காலில் வந்து விழுந்தது.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “டியூபுக்கு ஒட்டுற பசைய நானே ரப்பரப் பெட்ரோல்ல கரைச்சுத்தானே மச்சான் செய்றேன்! எப்பிடி மறந்தேன்?”

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். எதற்கும் எங்களோடு சேர்ந்து சிரிக்கிற மாமா அன்று சிரிக்கவில்லை. சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் தகரப்பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது.

“எங்க மாமா போறீங்க?”

“சும்மா அடுக்கி வச்சேன் லா. நீ போய் வெளாடு பாப்பா.”

வெள்ளிக்கிழமை தொட்டியைக் கழற்றிக் காலி செய்து, சைக்கிளில் கட்டி, அப்பாவும் மாமாவும் டவுனில் தகர வேலை செய்யும் சீனரிடம் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் லேசுப்பட்டவர் இல்லை. நாலு தடவை வெந்நீர் விட்டு அலசி, தண்ணீரையும் நிரப்பிய பிறகுதான் பற்றுவைக்கும் இரும்பைக் கிட்டே கொண்டு வந்தாராம். இல்லாவிட்டால் கடையோடு போயிருப்போம் என்றார் அப்பா. தொட்டியை உலர்த்தி மாட்டும்போது மாமா பட்டைக்கு அடியில் ரப்பர் ஷீட் துண்டு ஒன்றைச் செருகினார், இனி உராயாமல் இருக்க. “இது பெட்ரோல் படாத எடம். இப்ப என்ன சொல்றீங்க மச்சான்?” அப்பா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று மாலை துரையே குச்சி விட்டு அளந்து, ஷெட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனார். சனிக்கிழமை காலை குச்சி அதே கோடு வரை நனைந்து வந்தது. துரை கார் சாவியை அப்பாவிடம் நீட்டினார். கிராணி அந்தப் பக்கமே வரவில்லை.

மத்தியானம் மாமா பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, “இந்தா பாப்பா, ஸ்கிப்பிங் ஆடு” என்று என் கையில் போட்டார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் அம்மா வாயைத் திறந்தாள். அந்தப் புதன்கிழமை மாமா மழையில் பங்களாவுக்கு நடந்து போய், “என் மச்சான் எடுத்திருந்தா என்னையும் சேத்து அனுப்பிருங்க தொரை, மூணு நாள் மட்டும் குடுங்க” என்று கேட்டாராம்.

மாமா வாசலில் பந்தலுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் காலில் விழுந்தேன்.

“இன்னிக்கேவா? நாளைக்குத்தானே விழணும், பாப்பா” என்று சிரித்தார். எங்களோடு வெளியேறுவதற்காக அவர் கட்டி வைத்த கயிற்றில்தான் அந்த மழைக்காலம் முழுவதும் நான் நூறு வரை எண்ணிக் குதித்துக்கொண்டிருந்தேன்.