ஆண்ட்ரூ அடித்த சிலுவை

ராயபுரத்தில் ஆண்ட்ரூ சுத்தியலை ஓங்கினால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் நங்கூரத்தை உருவிக்கொண்டு ஓடிவிடும். அந்த மனிதரைக் கொல்லராக்கியவளே நான்தான். சரி, இதில் பாதிக்கு மேல் புளுகு. ஓடியது எங்கள் தெருவின் கிழட்டு நாய் மட்டும்தான்; நான் கொடுத்ததும் என் பேத்தி விட்டுப்போன ஒரு ஹேர் டிரையர்தான். ஆனால் அது இல்லாமல் ஆண்ட்ரூவின் உலையில் ஒரு பொறிகூடப் பறந்திருக்காது. அது சத்தியம்.

ஆண்ட்ரூ எங்கள் மாடி வீட்டுக்காரர். சரக்கு அனுப்புகிற ஒரு சின்னக் கம்பெனியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர். இரும்பு என்றால் அவருக்குக் கப்பலில் ஏறுகிற டன் கணக்கு, அவ்வளவுதான். வீட்டில் ஆணி அடிக்க வேண்டுமென்றால் அவர் மனைவி ஆலிஸ் ஸ்டூல்மேல் ஏறுவாள். இவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். அந்த ஆலிஸ் போன வருடம் வஞ்சிர மீனைக் கழுவிக்கொண்டிருந்தவள், அப்படியே சரிந்துவிட்டாள். மாரடைப்பு.

மகள் கிறிஸ்டினாவுக்கு எண்ணூர் பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். அதுவரை ஆண்ட்ரூ போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏதோ குளிர்தேசத்து ஆள் ஒருவன் சிவந்த இரும்பைச் சப்பாத்தி மாவு மாதிரி வளைப்பான். சத்தத்தை நிறுத்திவிட்டு அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்.

"பொழுதுபோக்குக்குன்னு இத்தயெல்லாம் செய்றானுங்க டீச்சரம்மா," என்றார் ஒருநாள் என்னிடம். "எனக்குந்தான் பொழுது போவமாட்டேங்குது."

கொருக்குப்பேட்டை மஜீது பாயின் பழைய இரும்புக் கடையிலிருந்து லாரி பிரேக் டிரம் ஒன்று வந்தது, அதுதான் உலை. பட்டறைக்கல்லுக்குத் தண்டவாளத் துண்டு ஒன்று வந்தது. எந்த ரயிலுக்கு அடியிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கரி, தெருமுனை இஸ்திரி வண்டியிலிருந்து. டிரம்முக்கு அடியில் குழாய் சொருகி, குழாயின் வாயில் என் ஹேர் டிரையரைக் கட்டினார். மொட்டை மாடியில் பட்டறை தயார்.

முதலில் அடித்தது ஒரு கொக்கி. நெத்திலிக் கருவாடு மாதிரி இருந்தது. சிவப்பு அடங்கிக் கறுத்துவிட்டால் இரும்பு ஆறிவிட்டது என்று நினைத்து அதை வெறுங்கையால் எடுத்தார். கட்டைவிரல் தோல் கொக்கியோடு போயிற்று. அடுத்த மாடி கெங்கம்மா வேறு, கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவாள்.

"யோவ் ஆண்ட்ரு! வெள்ளப் பொடவ காயப்போட்டா கரி மழ பெய்யுதுய்யா! ரிட்டேராயிட்டா கோயிலுக்குப் போ, பீச்சுக்குப் போ. இன்னாத்துக்குய்யா கலீஜ் பண்ணிகினு கீற?"

"கருப்பு பொடவ கட்டிக்கோ கெங்கம்மா," என்பார். ஆலிஸ் போனபின் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த மாடியில்தான்.

செப்டம்பர் கடைசியில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தவர் நேரே என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். ஆலிஸின் தலைமாட்டில் வைத்த மரச்சிலுவையைக் கரையான் அரித்துவிட்டதாம். பெயரும் உரிந்துபோய், தொட்டால் விழுகிற நிலை. சுற்றிலும் புது மண்மேடுகள், ஒன்றிலும் அடையாளமில்லை.

"இந்த மழைக்கு அது உழுந்துடும் டீச்சரம்மா. மேடெல்லாம் கரைஞ்சி ஒண்ணாயிடும். அப்பறம் எங்காலிசு எங்க கீறான்னு நான் யாரப்போயி கேக்கறது?"

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் அன்று கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூவும் மெழுகுவத்தியும் வைக்கும். அதற்குமுன், மழை முந்திக்கொள்வதற்குமுன், ஓர் இரும்புச் சிலுவையைத் தன் கையால் அடித்து அங்கே நட்டுவிட வேண்டும் என்று கிளம்பினார்.

"வெல்டிங் கடையில குடுத்தா டீ குடிக்கற நேரத்துல ஒட்டிக் குடுத்துடுவான் நைனா," என்றாராம் மஜீது.

"ஒட்டுன எடந்தான் பாய் மொதல்ல துருப்புடிக்கும். நம்மூரு உப்புக் காத்துக்கு ஒரு வருசம் தாங்காது. ஓட்ட போட்டு, குறுக்குக் கம்பிய உள்ள சொருவி அடிக்கணும். துருவே புடிக்காத கம்பியா பாத்துக் குடு."

எங்கள் கடற்கரையில் தாழ்ப்பாள் வாங்குகிறவன்கூட இப்படித்தான் கேட்பான். கேட்டால் கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுப்பது துத்தநாகம் பூசின ஜி.ஐ. கம்பி. மஜீதும் அதைத்தான் கொடுத்தார். நெருப்பில் போடக்கூடாது என்று சொல்லத் தோன்றவில்லை. கம்பியைக் காய்ச்சாமல் டிரில்லில்தான் ஓட்டை போடுவார் என்று நினைத்துவிட்டார்.

அன்று உலையில் தீ பச்சையாக எரிந்தது. வெள்ளைப் புகை எழும்பி, பஞ்சுத் துகள் மாதிரி மாடியெங்கும் மிதந்தது. ஆண்ட்ரூ அதற்குள் குனிந்து நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். "வந்து பாருங்க டீச்சரம்மா, பனி பெய்ற மாரியே கீது!"

சாயங்காலம் பல் கிட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர். வாயில் காசைச் சப்பினது போல ஒரு தித்திப்பு என்றார். மலேரியா என்று பயந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். டாக்டரம்மா சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "எதை எரிச்சீங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். துத்தநாகப் புகை. முலாம் பூசும் பட்டறை ஆட்கள் இதே குளிரோடு வருவார்களாம், மறுநாளே எழுந்துவிடுவார்களாம். ஆண்ட்ரூவின் நெஞ்சு அவ்வளவு வலுவானதில்லை. சளி கட்டிக்கொண்டு, அக்டோபரில் பாதி படுக்கையிலேயே போயிற்று. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவருக்கு முகம் ஜன்னல் பக்கமே.

எழுந்ததும் மாடிப்படியில் கால் வைத்தார். கிறிஸ்டினா குறுக்கே நின்றாள்.

"அம்மா பக்கத்துல நீயும் போயி படுத்துக்கலாம்னு பாக்கறியா டாடி? எனக்கு மட்டும் யாரு கீறாங்க?"

"திருநாளன்னிக்கு மெழுகுவத்திய கையில வெச்சிகினு அவள தேடச் சொல்றியா?"

அவள் விடுவிடுவென்று மேலே ஏறினாள். ஹேர் டிரையரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், தானே அதைத் திறந்து எடுத்துக்கொண்டு மேலே போனாள். மஜீது பாய் வருத்தப்பட்டு அனுப்பிய வெறும் கறுப்புக் கம்பிகள் அங்கே கிடந்தன. தூறலில் தகரம் ஒன்றை உலைக்குமேல் அவள் பிடித்துக்கொள்ள, அப்பா அடித்தார். இரண்டு அடி, பிறகு இருமல், பிறகு இரண்டு அடி. ஓட்டை கோணலாக விழுந்தது. குறுக்குக் கம்பி நுழைய மறுத்தது. நுழைந்தபின் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஆலிஸ் என்ற பெயரை உளியால் வெட்டினார். திருநாளுக்கு முதல்நாள் வரைக்கும் இழுத்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க மழை விடவேயில்லை.

திருநாளன்று தெருவில் முழங்கால் தண்ணீர். நான் கல்லறைக்குப் போகவில்லை. ஆனாலும் பார்த்தது போலச் சொல்வேன்: கூட்டம் விலகி வழி விட்டது. ஆண்ட்ரூ இத்துப்போன மரச்சிலுவையைப் பூப்போல எடுத்து ஓரமாக வைத்தார். அது நின்ற அதே குழியில், ஆலிஸின் தலைமாட்டில், இரும்புச் சிலுவையை நட்டார். அடையாளம் தப்பவில்லை.

இந்த இடம்வரை கிறிஸ்டினாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தலை கவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"மத்ததெல்லாம் நீங்க இன்னா அளந்தாலும் பரவால்ல டீச்சரம்மா. இத்த மட்டும் மாத்திடுங்க. நாங்க போவசொல்லோ மரச்சிலுவ அங்க இல்ல. தண்ணி எங்கியோ அடிச்சிகினு போயிடுச்சி. ரெண்டு மேடு பக்கத்துல பக்கத்துல கெடந்துது. டாடி ரெண்டுலயும் குந்தி மண்ண தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. தெரியல. ரெண்டுக்கும் நடுவுலதான் நட்டுட்டு வந்தோம்."