புயலின் நடுவிலிருந்து ஒரு போன்

இது நடந்தது. சந்தேகப்படுபவர்கள் பதிவேட்டைப் பார்க்கலாம். தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் அதில் இருக்கிறது. வானிலை அலுவலகப் பதிவேட்டில் பொய் எழுதினால் வேலை போய்விடும். நாளைக்கு மழை என்று எழுதி வெயில் அடித்தால் மட்டும் போகாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நள்ளிரவு, நாய் ஊளை, அணைந்து அணைந்து எரியும் விளக்கு என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். இது பிற்பகல் மூன்று நாற்பதுக்கு வந்தது. பளிச்சென்று வெயில். மேஜையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

அவரை அலுவலகத்தில் ‘கொட்டாவி’ என்பார்கள். புயல் அறிக்கை எழுதுவது அவர் வேலை. வாயை மூடியிருக்கும் நேரங்களில் நல்ல கெட்டிக்காரர். அந்த வருஷத்துப் புயல்கள் அவரைக் கசக்கிப் பிழிந்திருந்தன. கடலுக்கே அலுத்துப்போய்விட்டது, இனி ஒன்றும் வராது என்று எல்லோரும் பெருமூச்சு விட்ட சமயத்தில், சீசன் முடிய ஐந்தே நாள் இருக்கும்போது, நடுக்கடலில் இன்னொன்று பிறந்தது. பட்டியலில் அதற்கு முறையான பெயர் இருந்தது. யாருக்கும் அதைச் சொல்லத் தெம்பில்லை. ‘கடைக்குட்டி’ என்றே கூப்பிட்டார்கள்.

கடைக்குட்டியால் கரையில் யாருக்கும் தொல்லையில்லை. பக்கத்துக் கரையே ஆயிரத்து நானூறு மைல். ஆனால் ஒரு சுழி புயல் என்று பெயர் வாங்கிவிட்டால், அது சாகும்வரை ஆறு மணி நேரத்துக்கு ஓர் அறிக்கை எழுதியே தீரவேண்டும். நான்கு மணி, பத்து மணி, மறுபடி நான்கு, மறுபடி பத்து. கூட வேலை பார்த்தவர்களில் ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவருக்கு மாமனார் சாவு. கொட்டாவி ஒன்பது நாளாக வீட்டுக்குப் போகவில்லை. பகலெல்லாம் நாற்காலி, ராத்திரி ஓய்வறைக் கட்டில். ‘இதுவே இந்தப் புயல் குறித்த கடைசி அறிக்கை’ என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் பதினைந்து நாள் லீவு.

அந்த ஒரு வரிக்காக இன்னொரு கூட்டமும் காத்திருந்தது. புயலுக்குத் தெற்கே நானூறு மைலில் ஒரு சரக்குக் கப்பல் எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு பேர். கடைசி அறிக்கை வந்தால்தான் நேர்வழியில் போகலாம். நேர்வழி என்பது புயல் இருக்கும் இடத்தின் வழியாகத்தான்.

“உங்க பொண்ணு டிவியில மேகப் படம் வந்தா அப்பாங்கறா. எப்பங்க வருவீங்க?” என்றாள் மனைவி போனில்.

“கடைக்குட்டி செத்ததும்.”

“வாயைக் கழுவுங்க.”

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.40. நேரடித் தொலைபேசி அடித்தது. கப்பல்கள் காற்றின் வேகத்தை நாட் கணக்கிலும், கூடவே அழுத்தத்தையும் சொல்வதற்கென்றே இருக்கும் எண் அது.

“எழுதிக்குங்க சார்,” என்றது ஒரு குரல். ஆண் குரல். சாகிற அலுப்பு. “காத்து சுத்தி அறுபத்தஞ்சு நாட். அழுத்தம் தொள்ளாயிரத்து எண்பத்தாறு.”

“இடம்?”

“நடுவுல சார்.”

“இன்னும் ரெண்டு நாள்ல அடங்கிடுமா? பார்த்தா எப்படி இருக்கு?”

“முடியல சார்.”

லைன் கட்டாகிவிட்டது.

அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. முதலில் எழுது, அப்புறம் கேள். கடலில் இருந்து வரும் போன் எந்த நொடியில் அறுந்துபோகும் என்று தெரியாது. ஆகவே யார், எவர் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. கொட்டாவி எண்களை எழுதினார். ‘தகவல் தந்தவர்’ என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்பதால் ‘கப்பல்’ என்று போட்டார். குறிப்பில் ‘புயல் இன்னும் முடியவில்லை’ என்று எழுதினார். ஒரு கொட்டாவி விட்டார்.

புதன் காலை 9.40. அதே குரல். காற்று அறுபத்தெட்டு. இடம் நடுவுல. முடியல சார்.

புதன் பிற்பகல் 3.40. காற்று எழுபது. நடுவுல. முடியல சார்.

செயற்கைக்கோள் படமோ வேறு கதை சொன்னது. மேகம் கிழிந்து, சுழி அம்மணமாகக் கிடந்தது. படத்தை வைத்துக் கணக்கிட்டால் காற்று, புயல் என்று சொல்லத் தேவையான முப்பத்தைந்துகூடத் தேறாது. மேலதிகாரி வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

“இது புயலாய்யா? என் வீட்டு மிக்ஸி இதைவிட வேகமா சுத்தும். நாளைக்கு நாலு மணிக்கு மூடிடு.”

“கப்பல்லேர்ந்து எழுபதுன்னு சொல்றாங்க சார்.”

“எந்தக் கப்பல்?”

அப்போதுதான் கொட்டாவிக்கே அந்தக் கேள்வி உறைத்தது. கப்பல்களுக்கு அறிக்கை அனுப்பும் பிரிவில் இருந்தவரை எல்லோரும் ‘தந்தி அக்கா’ என்பார்கள். தந்தி ஒழிந்து எத்தனையோ வருஷமாகிறது, பெயர் மட்டும் ஒழியவில்லை. அவரிடம் போனார்.

“அக்கா, புயல் பக்கத்துல யார் இருக்கா?”

அக்கா திரையில் தேடினார். “ஒருத்தரும் இல்லப்பா. காத்திருக்கானே, அந்தச் சரக்குக் கப்பல் ஒண்ணுதான். அதுவும் நானூறு மைல் தள்ளி. நகரவே இல்ல.”

“நல்லாப் பாருங்க.”

“கடல்ல ஒளிஞ்சுக்க இடமா இருக்கு? போய் மூஞ்சியைக் கழுவிட்டு வா. பார்க்கச் சகிக்கல.”

கொட்டாவி இருக்கைக்கு வந்து, மூன்று அழைப்புகளின் நேரத்தையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். அந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் புயல் இருநூற்று நாற்பது மைல் நகர்ந்திருந்தது, வழியில் ஒருமுறை திரும்பியும் இருந்தது. பேசியவர் ஒவ்வொரு முறையும் நடுவில். சொன்ன அழுத்தமோ ஒவ்வொரு முறையும் குறைந்து, புயல் வலுக்கிறது என்றது. புயலின் நடுவிலேயே, அது திரும்பும்போது தானும் திரும்பி, கூடவே போகும் கப்பலை அவர் கேள்விப்பட்டதில்லை.

இரவுப் பணியில் இருந்தவருக்கு 9.40க்கும் சரி, 3.40க்கும் சரி, அழைப்பு வரவேயில்லையாம். அல்லது அவர் விழித்திருக்கவில்லை. இரண்டும் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வியாழக்கிழமை. கப்பல் கம்பெனியிலிருந்து காலையிலேயே நான்கு மின்னஞ்சல்கள். கடைசி அறிக்கை எப்போது? எப்போது? எப்போது? நான்காவதில் கேள்விக்குறி மட்டும் இருந்தது.

காலை 9.40க்குப் போன் வரவில்லை. விட்டது சனியன் என்று நினைத்தார்.

பிற்பகல் 3.30. மேலதிகாரி அறிக்கையைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டுப் போனார். கடைசி வரியையும் சேர்த்துத்தான். கொட்டாவி செய்தார். பையில் துணிகள் தயாராக இருந்தன. ஐந்தரைக்கு பஸ். இரண்டு மணி நேரத்தில் வீடு. அனுப்ப வேண்டிய பொத்தானின் மேல் விரல்.

3.40.

அடித்தது.

எடுத்தார். இந்த முறை அவர் எழுதவில்லை. கேட்டார்.

“யார் பேசறது?”

பின்னணியில் காற்றின் இரைச்சல் இல்லை. ஆட்கள் பேச்சு இல்லை. எஞ்சின் இல்லை. ஒரே ஒரு சத்தம்... ஹூ...ம். பிறகு அமைதி. பிறகு மறுபடி... ஹூ...ம்.

கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு ஹூமுக்கும் அடுத்த ஹூமுக்கும் பதினொரு வினாடி.

நடுக்கடலில் பெரிய அலை ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் பதினொரு வினாடி.

அது மூச்சு.

“எந்தக் கப்பல்?” என்றார்.

“கப்பல் இல்ல சார்...”

ஹூ...ம்.

“எழுபத்தஞ்சு... எழுதிக்குங்க.”

ஹூ...ம்.

“முடியல சார்...”

மூன்று முறை அந்தச் சொல்லைக் கேட்டு, மூன்று முறையும் ‘முடியவில்லை’ என்று குறிப்பெழுதியவர் அவர். இப்போதுதான் சரியாகக் கேட்டார்.

அது தகவல் இல்லை.

வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்து உட்காருகிறவர்கள் சொல்லும் ‘முடியல’. ஒன்பது நாளாக அவரே சொல்லிக்கொண்டிருக்கும் ‘முடியல’.

லைன் அறுந்தது. மணி 3.43.

கொட்டாவி கடைசி வரியை அழித்தார். ‘காற்று 75 நாட். கப்பல்கள் முந்நூறு மைல் விலகி இருக்கவும்’ என்று அடித்தார். 4.00 மணிக்கு அனுப்பினார்.

மேலதிகாரி பாய்ந்து வந்தார். “யாரைக் கேட்டு எழுதினே? உனக்கு லீவு வேணாமா?”

“வேணும் சார்.”

“பின்னே?”

“அதுக்கும் வேணுமாம் சார்.”

மேலதிகாரி விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

குறிப்பாணை வரவில்லை. வெள்ளி காலை, கடல்காற்றை அளக்கும் செயற்கைக்கோள் அந்தப் பக்கமாகக் கடந்தது. எழுபத்தைந்து. துல்லியமாக எழுபத்தைந்து. மதியத்துக்குள் கடைக்குட்டியின் நடுவில் அழகாக ஒரு கண் திறந்துவிட்டது. நேர்வழியில் கிளம்பியிருந்தால் இருபத்திரண்டு பேரும் அந்நேரம் அதற்குள் இருந்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் புயல் நிஜமாகவே ஓய்ந்தது. பிற்பகல் 3.40க்கு மணி அடித்தது.

“முடிச்சுடலாமா சார்?” என்றது குரல்.

“முடிச்சுடறேன்.”

ஹூ...ம். பதினொரு வினாடி. பன்னிரண்டு. இருபது. அடுத்த மூச்சு வரவில்லை.

கடைசி அறிக்கை 4.00 மணிக்குப் போனது. கொட்டாவி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்கினார்.

லீவு முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள், பிற்பகலில், அந்தச் சரக்குக் கப்பலில் இருந்து போன் வந்தது. கேப்டனுக்கு அடுத்த அதிகாரி. உற்சாகமான ஆள்.

“ரொம்ப நன்றி சார். அந்த வியாழக்கிழமை, அறிக்கை எப்படியும் வந்துடும் கிளம்புன்னு கம்பெனி சொல்லிட்டாங்க. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டோம். நல்லவேளை, உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் போன் பண்ணி வராதீங்கன்னாரு.”

“எத்தனை மணிக்கு?”

“மூணு நாப்பது.”

மூன்று நாற்பதுக்கு அந்த அலுவலகத்தில் போனைக் கையில் வைத்திருந்தது கொட்டாவி மட்டும்தான்.

“பாவம் சார், ஓவர்டைம் போலிருக்கு. பேசவே முடியல அவரால. இன்னும் பண்ணிட்டிருக்கார்.”

“இன்னுமா?”

“நேத்துகூட. புயலே இல்ல, எதுக்குன்னு தெரியல. இடம்னு சொல்லி ரெண்டு நம்பர் குடுத்தார். எழுதி வச்சிருக்கேன். படிக்கட்டுமா?”

படித்தார்.

கொட்டாவி வரைபடத்தைத் தொடவில்லை. அவசியமில்லை. அவருடைய அலுவலகம் வெளியிடும் ஒவ்வோர் அறிக்கையின் தலையிலும், முகவரிக்குக் கீழே, கட்டடம் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று அச்சிட்டிருப்பது அதே இரண்டு எண்கள்தான்.

“காத்து... எவ்வளவுன்னார்?”

“காத்தே இல்லன்னார் சார். சுத்தமா நின்னுபோச்சாம்.”

புயலின் நட்டநடுவில் காற்று இருக்காது. கொட்டாவி மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினார்.

நல்ல வெயில். வாசலில் வரிசையாக மரங்கள்.

ஓர் இலைகூட அசையவில்லை.